திருப்பாமல் விட்ட இருக்கை

பணியிடத்தில் அவரை 'அரைவட்டம்' என்றுதான் அழைப்பார்கள். இரயில் பாதை முடியும் நிலையத்தில், வந்து நிற்கும் வண்டியின் இருக்கைகளைத் திருப்பி வைப்பது அவர் வேலை. நடைவழி ஓரமாக இருக்கைக்கு அடியில் உள்ள மிதியை இடக்காலால் அழுத்த வேண்டும். சாய்மானத்தின் தோளைப் பற்றி இழுக்க வேண்டும். இருவர் அமரும் இருக்கை அப்படியே அரைவட்டம் சுழன்று 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். ஓர் ஆளுக்கு இரண்டு பெட்டிகள், அறுபத்து நான்கு இருக்கைகள், பதினான்கு நிமிடங்கள். இருபத்தோர் ஆண்டுகளாக இதே வேலை. அவருடைய செருப்பில் எப்போதும் இடக்கால்தான் முதலில் தேயும்.

அந்தத் தடத்துக்கென்று ஒரு கோணல் உண்டு. கிளம்பிய வண்டி இருபத்தைந்தாம் நிமிடத்தில் ஒரு சந்திப்பு நிலையத்தை அடையும். அங்கிருந்து தலை வாலாகவும் வால் தலையாகவும் மாறி, வேறு தடத்தில் ஐந்து மணி நேரம் ஓடி நகரத்தைச் சேரும். ஐந்து மணி நேரம் முன்னோக்கி அமர வேண்டுமானால், முதல் இருபத்தைந்து நிமிடம் பின்னோக்கி அமர்ந்தாக வேண்டும். ஆகவே பாதை முடியும் சுவரைப் பார்த்தபடிதான் எல்லா இருக்கைகளையும் வைப்பார்கள். புதிதாக ஏறுகிறவர்களுக்கு இது விளங்காது.

"என்னங்க இது, எல்லா சீட்டும் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு? வண்டி சுவத்துக்குள்ளயா போகப்போகுது?"

"சுவத்துக்கு டாட்டா சொல்லிட்டுத்தான் சார் கிளம்புவோம்" என்பார் அரைவட்டம். ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொல்லுவார்.

அவருடைய மனைவிக்கு இரண்டாண்டுகளாக உள்காதில் கோளாறு. பின்னோக்கிச் செல்லும் எதில் உட்கார்ந்தாலும் உலகம் சுழலத் தொடங்கும். தொடங்கினால் இரண்டு நாள் அடங்காது. இடக்காது மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. நான்கு மாதம் காத்திருந்து நகரத்து மருத்துவரிடம் அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. "தலைச்சுத்தலோட வந்தா நான் கத்தி வைக்க மாட்டேன்மா. அடுத்த தேதிக்கு மறுபடியும் நாலு மாசம். அதுவரைக்கும் காது தாங்குமான்னு என்னைக் கேக்காதீங்க" என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார்.

அறுவைக்கு முதல்நாள் காலை வண்டியில் அவள் புறப்பட்டாள். நகரத்தில் அவளுடைய அண்ணன் காத்திருந்தார். கணவருக்கு மறுநாளிலிருந்துதான் விடுப்பு.

"இருபத்தஞ்சு நிமிஷம்தானே? கதவுகிட்ட நின்னுக்கிட்டே போயிடறேங்க" என்றாள் அவள்.

"நிக்கிறதாவது! ஊருக்கெல்லாம் திருப்பிக் குடுக்கிறவன், உனக்கு ஒரு சீட் குடுக்க மாட்டேனா?"

அன்று தம் இரண்டு பெட்டிகளிலும் சேர்த்து அறுபத்து மூன்று இருக்கைகளை மட்டுமே அவர் திருப்பினார். அவளுடைய இருக்கையைத் தொடவேயில்லை. அது வண்டி புறப்படும் திசையையே பார்த்திருந்தது. சந்திப்பில் திருப்புவதற்கும் ஏற்பாடு செய்திருந்தார். அங்கே பணிபுரியும் கொடிக்காரர் அவருக்குப் பழக்கம்.

"வண்டி நின்னதும் ஏறி ஒரு மிதி, ஒரு இழு. அவ்வளவுதான்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

"அண்ணிக்கு நான் செய்ய மாட்டேனா அண்ணே?"

கூட்டிப் பெருக்கும் அம்மாள் அந்தத் தனி இருக்கையைப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாரும் ஒரு பக்கம் பாத்தா, உங்க வீட்டம்மா மட்டும் தனிப்பக்கமா? வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல அவ பாக்கிற பக்கம்தான் எனக்கும் பக்கம்" என்றார் அவர்.

புறப்பட மூன்று நிமிடம் இருக்கும்போது, சக்கர நாற்காலியில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. பெரிய உடம்பு. அரைவட்டமும் காவலரும் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி அமரவைத்து, நீட்டிய காலுக்குக் கீழே பெட்டி ஒன்றை முட்டுக்கொடுத்தார்கள். அவர் அமர்ந்தது அவளுக்குப் பக்கத்தில்.

"பாத்துக்கம்மா, சாருக்குக் கால் இடிக்காம" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். கதவு மூடியது. வண்டி நகர்ந்து பத்தடி போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த இருக்கை இரண்டு பேருக்கும் சேர்ந்துதான் சுழலும். இரண்டு பேரும் எழுந்தால்தான் சுழலும். சுழலாவிட்டால், சந்திப்புக்குப் பிறகு ஐந்து மணி நேரமும் அவள் பின்னோக்கித்தான் போக வேண்டும்.

மனைவியை அழைத்தார். திரையைப் பார்த்தாலே தலை சுற்றுமென்று அவள் தொலைபேசியைப் பைக்குள் போட்டிருந்தாள்; மணி அடித்து ஓய்ந்தது. கொடிக்காரரை அழைத்தார்.

"பக்கத்துல கால்கட்டுக்காரர் இருக்காருப்பா. மூணு பேர் வேணும் தூக்க."

"வண்டி லேட்டுண்ணே. மூணு நிமிஷம் நிக்கிற வண்டியை ஒரே நிமிஷத்துல எடுக்கச் சொல்லிட்டாங்க. நான் ஒத்தை ஆளு."

"அப்போ அவளை வேற சீட்டுக்காவது மாத்திடு. கெஞ்சியாவது மாத்திடு."

"பாக்கிறேண்ணே."

அதற்குள் அடுத்த வண்டி வந்து நின்றது. மிதி, இழு, டக். மிதி, இழு, டக். கைகள் அவற்றின் வேலையைச் செய்தன. நாற்பதாவது இருக்கையில் தொலைபேசி அடித்தது.

"அண்ணே, ஏறினேன். நாலு வரிசை தள்ளி ஒருத்தர் உடனே எழுந்து சீட் குடுத்தாரு. அண்ணியும் எழுந்து நடைவழிக்கு வந்துட்டாங்க. அதுக்குள்ள வண்டி எடுத்துட்டான்ணே. நான் குதிச்சுட்டேன். கண்ணாடி வழியா பாத்தேன்..."

"என்ன பாத்தே?"

"அண்ணி தடுமாறி பழைய சீட்லயே விழுந்துட்டாங்க. கண்ணைப் பொத்திக்கிட்டாங்க."

இருபத்து நான்கு இருக்கைகள் மீதமிருந்தன. அவற்றையும் திருப்பினார். வேறென்ன செய்ய முடியும்? ஓடி மறித்துவிடக் கூடியதா அந்த வண்டி? நடுவில் ஒருமுறை மனைவியை அழைத்தபோது, மாவுக்கட்டுக்காரர்தான் அவள் பையிலிருந்து தொலைபேசியை எடுத்துப் பேசினார். "எல்லாரும் அவங்க சீட்டைக் குடுக்கத் தயாரா இருக்காங்க சார். அம்மாவால தலையைத் தூக்கவே முடியல. தொட்டாலே வாந்தி எடுக்கிறாங்க. என்னாலதான் சார், என்னாலதான்."

"உங்களால இல்லீங்க" என்றார் அரைவட்டம்.

பெருக்கும் அம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி..." என்று தொடங்கியவள், அவர் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினாள். "தண்ணி குடிக்கிறீங்களா?"

மாலையில் மைத்துனர் பேசினார். "மாப்பிள்ளை, டாக்டர் பாத்தார். நாளைக்கு முடியாதுன்னுட்டார். நானும் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன். மறுபடியும் நாலு மாசமாம். நீங்க வரவேண்டாம், தெளிஞ்சதும் நானே ஏத்தி அனுப்புறேன்."

நான்காம் நாள் நண்பகல் வண்டியில் அவள் திரும்பினாள். வண்டி நடைமேடைக்குள் நுழையும்போதே, முதல் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் அவளைப் பார்த்துவிட்டார். கம்பியைப் பிடித்து, வண்டி வரும் திசையை நோக்கி நின்றிருந்தாள். சந்திப்பிலிருந்து இருபத்தைந்து நிமிடமும் அப்படியே நின்று வந்திருந்தாள்.

கதவு திறந்தது. பையை வாங்கிக்கொண்டு, அவளுக்கு இடப்பக்கமாக நடந்தபடியே, அன்றைக்கே உன்னை நிற்கவிட்டிருக்க வேண்டும் என்பதை எப்படியோ சொல்லி முடித்தார். நான்கு நாளாக மனத்துக்குள் கோத்து வைத்திருந்த வாக்கியம்.

அவள் நின்று, தலையைச் சாய்த்து, வலக்காதை அவர் பக்கம் கொண்டுவந்தாள்.

"என்ன சொன்னீங்க? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. இங்க பெஞ்சுல உக்காரு. பதினாலு நிமிஷத்துல வந்துடறேன்" என்று வலப்பக்கம் வந்து சொல்லிவிட்டு, அவர் வண்டிக்குள் ஏறினார்.