வெப்பக் கேமராவும் இருபத்திரண்டு எலுமிச்சையும்

சித்திரை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் கரிசல் காட்டில் நிற்கிறவன் ஒன்று ஆடு மேய்க்கிறவனாக இருப்பான், இல்லையென்றால் என்னைப் போலக் கிறுக்கனாக இருப்பான். அந்த நேரத்தில்தான் மரத்தின் தாகம் சரியாகத் தெரியும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்த தொண்டு நிறுவனத்துக்காரர்கள் சொன்னார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் சொன்னார்கள். இது எனக்கு மூன்றாவது கோடை. முதல் கோடையில் இருந்த துள்ளல் எங்கே போனதோ, இப்போதெல்லாம் தொப்பியைக்கூட வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது செல்போனில் செருகுகிற சின்ன வெப்பக் கேமரா. தீப்பெட்டி அளவுதான். வேருக்குத் தண்ணீர் கிடைக்கிற மரம் இலை வழியாக ஈரத்தை வெளியே விட்டுத் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும், படத்தில் நீலமாக விழும். தண்ணீர் கிடைக்காத மரம் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். இலை சூடேறிப் படத்தில் சிவப்பாக விழும். நம் கண்ணுக்கு வாட்டம் தெரிவதற்குப் பல நாள் முன்பே கேமராவுக்குத் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை கோவில்பட்டியிலிருந்து பைக்கில் போய், பசுவந்தனைப் பக்கம் பதினான்கு தோட்டங்களைப் படம் எடுப்பேன். எது அதிகச் சிவப்போ அதற்கு முதலில் டேங்கர் தண்ணீர் என்று நிறுவனத்துக்குப் பட்டியல் போட்டுக் கொடுப்பேன். டேங்கர் இருப்பது ஒன்றே ஒன்று.

அந்தப் பதினான்கில் ஒன்று, அந்த மாதம்தான் புதிதாகச் சேர்ந்த ஓர் அக்காவின் தோட்டம். வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போகிறவர். இருபத்திரண்டு எலுமிச்சையையும் அக்காதான் தனியாளாக வைத்து வளர்த்தார். நாலு வருஷம் கழித்து இந்த முறைதான் நன்றாகப் பிஞ்சு பிடித்திருந்தது. கிணறோ வற்றிவிட்டது.

முந்தின நாள் போன் செய்து, “நாளைக்கு மத்தியானம் மரத்தப் போட்டோ எடுக்க வாரேன்க்கா” என்றேன். சூடு, இலைத் துளை, நீலம், சிவப்பு என்று மற்ற பதின்மூன்று வீட்டிலும் விளக்கிச் சொல்லி என் வாய் ஓய்ந்துபோயிருந்தது. போட்டோ என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்.

மறுநாள் போனபோது மரங்கள் பளிச்சென்று இருந்தன. படத்தில் இருபத்திரண்டும் நீலம். கிணற்றில் ஊற்று ஏதோ கண் திறந்திருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். மரத்தடியில் சொட்டுச் சொட்டாக ஈரம் தெரிந்தது. குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை. தலை வலித்தது, இன்னும் ஐந்து தோட்டம் பாக்கி இருந்தது. பட்டியலில் அக்காவைக் கடைசியில் போட்டேன். கடைசி ஆட்கள் வரைக்கும் அந்த மாதம் டேங்கர் எட்டவே இல்லை.

அடுத்த மாதம் போனால் இலையெல்லாம் சுருண்டு வைக்கோல் நிறத்தில் தொங்குகிறது.

“வண்டியே வரலயே அண்ணாச்சி” என்றார் அக்கா.

போன மாதத்து நீலப் படத்தைக் காட்டினேன். நீலம் என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க போட்டோ எடுக்க வாரேன்னீயளேன்னு நாந்தான் கழுவி விட்டேன். ரோட்டுல போற லாரித் தூசி இலையில அப்பிக் கெடந்துச்சு. மூஞ்சி கழுவாம யாராவது போட்டோவுக்கு நிப்பாவளா? நீங்க வாரதுக்குக் கொஞ்சம் முந்தி, மருந்தடிக்கிற பம்ப நல்லா அலசிட்டு, குடிக்க வச்சிருந்த தண்ணிய ஊத்தி ஒவ்வொரு மரமா அடிச்சேன்.”

நனைந்த இலை குளிர்ந்துதானே இருக்கும்? கேமரா அந்தக் குளிர்ச்சியைக் காட்டியது. அதன் மேல் தப்பே இல்லை.

எங்கள் பக்கம் ஆதார் அட்டைக்குப் படம் என்றாலும் முகம் கழுவி, பவுடர் அப்பி, பக்கத்து வீட்டுச் செயினை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். காப்பீட்டுக்குப் படம் பிடிக்க வருகிறார்கள் என்று ஆட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்ததை நானே பார்த்துச் சிரித்திருக்கிறேன். வெளியூர்க்காரன் என்றால் தெரியாது என்று சொல்லலாம். நான் இந்த மண்ணிலேயே பிறந்தவன்.

“இன்னைக்குக் கழுவல. இப்ப எடுங்க” என்றார்.

எடுத்தேன். இருபத்திரண்டும் சிவப்பு. அக்கா எட்டிப் பார்த்தார்.

“செவப்புல்லா? அப்ப மொத வண்டி இங்கனதான வரும்?”

தாகத்தில் சுடுகிற இலையும் செத்துக் காய்ந்த இலையும் அந்தப் படத்தில் ஒரே நிறம்தான். நான் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. அடுத்த மரத்திலும் இல்லை. ஐந்தாறு மரம் அப்படிக் கீறினேன். அக்கா கூடவே வந்து ஒவ்வொரு கீறலையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“இனி வண்டி வந்தும் பிரயோஜனம் இல்லக்கா” என்றேன்.

திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

“கழுவாதீயன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?”

சொல்லியிருக்கலாம். போன் செய்த அன்றைக்கு எனக்கு அலுப்பாக இருந்தது.