அம்மையாரின் நிருபர் அருளம்பலம்

பண்டத்தரிப்புக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் அருளம்பலம், 1958 முதல் 1967 வரை ஒரு தினசரியின் பகுதிநேர நிருபராகவும் இருந்தார். அவர் அனுப்பிய செய்திகளில் எங்கள் குளம் ஒருமுறையும் வற்றவில்லை. புகையிலைக்கு நோய் வரவில்லை. தொகுதி எம்.பி.யின் மனைவி கனகாம்பிகை அம்மையார் மட்டும் ஓயாமல் எதையாவது திறந்துவைத்தார். அம்மையார் மேடையில் வாய் திறப்பதில்லை. அவர் ஆற்றியதாக வெளிவந்த உரைகள் சங்கக்கடை மேசையில் எழுதப்பட்டவை. அவற்றைப் பத்திரிகையில் வாசித்து, தாமே பேசியதாக அவரும் நம்பிவிட்டார்.

அருளம்பலத்துக்கு வேண்டியது ஒன்றுதான். எஸ்.எஸ்.சி. பரீட்சையில் சித்தியடைந்து வீட்டிலிருந்த மகள் பத்மாசினிக்கு ஆசிரியை நியமனம். அம்மையார் சொன்னால் எம்.பி. நியமனப் பட்டியலில் பெயர் போடுவார்.

விழாக்கள் பின்னேரம் நடக்கும். செய்திப் பொதியைக் கொண்டுபோகும் பஸ்ஸோ மத்தியானமே புறப்பட்டுவிடும். ஆகவே அருளம்பலம் நடக்கப்போவதை நடந்ததாக எழுதி அனுப்புவார். 1967 ஆவணியில் அம்மன் கோயில் மண்டபத் திறப்புவிழாவையும் அப்படியே அனுப்பினார். அன்று விடியற்காலையில் எம்.பி.யின் பெரியப்பா இளையதம்பி மருதனார்மடத்தில் காலமாகியிருந்தார். சாவுத் தீட்டு, துடக்கு என்பதால் அம்மையார் வரவில்லை. கோயில் தலைவரே விளக்கேற்றினார். பக்கத்தில் நின்று பார்த்த அருளம்பலம், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று, தந்தியடித்துச் செய்தியை நிறுத்தாமல் விட்டார்.

மறுநாள் முதற்பக்கத்தில் அம்மையார் விளக்கேற்றினார். உட்பக்கத்து மரண அறிவித்தலில் இளையதம்பியர் அதே நாள் அதிகாலை காலமாகியிருந்தார். விழாவுக்கு வராத ஊர்களெல்லாம், துடக்கோடு கோயிலுக்குள் போனவள் என்று பேசின.

அருளம்பலம் மறுப்பை எழுதிக்கொண்டு ஓடினார். அம்மையார் அதை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நான் வரேல்லை எண்டு போட்டால், மற்ற விழாவுக்கும் வரேல்லை எண்டெல்லோ சனம் நினைக்கும்? என்ரை பேர் வந்தது வந்ததாக இருக்கட்டும். பெரியமாமா பொழுதுபட்டாப்போலைதான் மோசம்போனவர் எண்டு ஒரு திருத்தம் போடுங்கோ."

மகளின் விஷயத்தை அருளம்பலம் நினைவூட்டினார். பார்ப்போம் என்றார் அம்மையார். அந்த ஒரு சொல்லுக்காக, செத்த மனிதரை அருளம்பலம் பொழுதுபடும்வரை உயிரோடு வைத்தார். திருத்தம் வெளிவந்தது. அந்த வீட்டில் காலையிலேயே போய் அழுதுவிட்டு வந்த ஊரும் அதை வாசித்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அருளம்பலமும் போயிருந்தார். இளையதம்பியரின் மனைவி சின்னாச்சி எல்லோருக்கும் முன்னால் அவரைக் கூப்பிட்டார்.

"தம்பி அருளம்பலம், அப்ப நான் விடியக்காலமை ஒப்பாரி சொன்னது ஆருக்கு? உயிரோடை கிடந்த மனிசனுக்கோ?"

செத்தவீடென்றும் பாராமல் ஆட்கள் சிரித்தார்கள். அங்கிருந்த எம்.பி. தம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"உவரை எனக்கு ஆரெண்டே தெரியாது," என்றார் அம்மையார். "கண்டதையும் எழுதிறார்."

பத்திரிகை அருளம்பலத்தை விலக்கியது. அடுத்த நியமனப் பட்டியலில் பத்மாசினியின் பெயர் இல்லை.

1970 தேர்தல் நெருங்கியபோது, அம்மையாரின் பொதுப்பணி பற்றிய கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டு அருளம்பலம் மறுபடியும் சைக்கிளை எடுத்தார். பத்மாசினி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"ஐயா, என்ரை பேரைச் சொல்லிக்கொண்டு இனி அங்கை போகாதேங்கோ. எனக்கு உந்த அம்மையார் தாற வேலை வேண்டாம்."

அவர் போனார். புதிய நிருபர் உள்ளே அம்மையாரைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததால், படலைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றார்.