பச்சைமலையில் பாதையை மறித்த பூங்கொடி

எங்களை வரவேற்றது ஒரு முள்வேலி!

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. காலை ஆறு மணிக்குத் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வேன் ஏறி, துறையூர் வழியாகப் பச்சைமலைக்கு ட்ரெக்கிங் கிளம்பினோம். மொத்தம் பதினான்கு பேர். கூட்டிப்போனவர் ஸ்டெல்லா. திருச்சியில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர்.

ஸ்ரீரங்கத்தில் நான் ஏறும் அதிகபட்ச உயரம் எங்கள் அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடி. அதுவும் லிஃப்ட் ரிப்பேரான நாட்களில். ஆனாலும் போன வருஷம் நண்பர்களோடு இதே மலைக்கு வந்தவன் என்பதால், வேனில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு. "மேல ஒரு சுனை இருக்கு பாருங்க... அதுல ஒரு குளியல் போட்டா போதும்" என்று எல்லோருக்கும் ஆசை காட்டிக்கொண்டே வந்தேன்.

கடைசி மலைக் கிராமத்தைத் தாண்டி, பாதை ஆரம்பிக்கும் இடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண்மணி. முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த ஊர்க்காரர், பெயர் பூங்கொடி. சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம்.

"பாதை கிடையாதுங்க. திரும்பிப் போயிடுங்க."

"ஏங்க? போன வருஷம் விட்டீங்களே?" – கேட்டது நான்தான்.

"விட்டதாலதாங்க இப்ப அடைச்சிருக்கோம்."

பிறகு சொன்னார். மேலே இருக்கிற சுனையிலிருந்துதான் ஊருக்குக் குழாயில் குடிதண்ணீர் வருகிறது. வருகிறவர்கள் அதில் இறங்கி ஷாம்பூ போட்டுக் குளித்தார்கள். "குடத்துல நுரைங்க! அன்னிக்கு ஊரே தண்ணியக் கீழ ஊத்துனோம். அடுத்த ஊருக்கு நடந்துபோய்த் தூக்கிட்டு வந்தோம்."

அது மட்டுமில்லை. பாதை சரிவில் வளைந்து வளைந்து போகும். வளைவில் நடக்கப் பொறுமை இல்லாதவர்கள் குறுக்கே நேராக இறங்கினார்கள். ஒருவர் போன தடத்தில் பத்துப் பேர். புல் போனது. மழையில் தடம் ஓடையானது. அடித்து வந்த மண் முழுக்க பூங்கொடியின் சாமைக் காட்டில் வந்து இறங்கியது.

எனக்குக் காது சூடேறியது. போன வருஷம் நான் என்ன செய்தேன்? பாக்கெட் ஷாம்பூவைப் பல்லால் கிழித்து, அந்தச் சுனையில்தான் தலை குளித்தேன். அதே குறுக்குத் தடத்தில்தான் குதித்து இறங்கினேன். போட்டோவும் எடுத்துக்கொண்டேன்!

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் பதினான்கு பேரையும் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டால்? என் ஒருவனால் எல்லோருடைய ஞாயிறும் பாழ். சொல்லாமல் இருந்தால்... அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நானும் அதுல குளிச்சேங்க. ஷாம்பூ போட்டு" என்றேன்.

பூங்கொடி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தலையில் பார்வை கொஞ்சம் நின்றது.

"இருக்கிற நாலு முடிக்கா ஷாம்பூ?"

முதலில் சிரித்தது ஸ்டெல்லா. பிறகு எல்லோரும். அந்தச் சிரிப்பு அடங்கியதும் ஸ்டெல்லா கேட்டதுதான் முக்கியம். "விடுங்க" என்று கெஞ்சவில்லை. "நாங்க இப்ப என்ன செஞ்சா உங்களுக்கு உதவியா இருக்கும்?" என்றார்.

பூங்கொடி கொஞ்சம் யோசித்துவிட்டு, குறுக்குத் தடத்தைக் காட்டினார். "கல்லைத் தூக்குங்க."

அன்று ட்ரெக்கிங் இல்லை. மதியம் வரைக்கும் கல். மழை அரித்த பள்ளத்துக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கல் அடுக்கி, இடையில் மண் போட்டு மிதித்தோம். எப்படி அடுக்கினால் தண்ணீர் வேகம் குறையும் என்று பூங்கொடி சொல்லச் சொல்லச் செய்தோம். தடத்தின் இரண்டு முனையையும் முள் போட்டு மூடினோம். பக்கத்திலேயே கல்லணையை வைத்துக்கொண்டு வளர்ந்தவன் நான். தண்ணீருக்குக் குறுக்கே நான் வைத்த முதல் கல் இதுதான்!

மதியம் பூங்கொடி வீட்டில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும். கை எரிந்தது, நாக்கு எரிந்தது. அவ்வளவு ருசி.

"பாதையைத் திறப்பீங்களா?" என்று ஸ்டெல்லா கிளம்பும்போது கேட்டார்.

"நான் மட்டும் சொல்ல முடியாதுங்க. ஊர்ல பேசிட்டுச் சொல்றேன்."

வேனில் திரும்பும்போது ஒன்று தோன்றியது. நாம் அட்வென்ச்சர் என்று சொல்வது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீட்டுக் கொல்லையில்தான் நடக்கிறது, இல்லையா? அங்கே போகலாமா என்று அவர்களிடம் எப்போது கேட்டிருக்கிறோம்?

போன வாரம் மலையில் நல்ல மழை. மறுநாள் ஸ்டெல்லாவுக்கு பூங்கொடியிடமிருந்து போன். "கல்லு நின்னுடுச்சுங்க டீச்சர்! மண்ணு காட்டுக்குள்ள வரல. ஊர்ல பேசிட்டோம். வாங்க."

கண்டிஷன்கள் உண்டு. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர்தான். ஊர்க்காரர் ஒருவர் கூடவே வருவார். சுனைப் பக்கம் காலே வைக்கக் கூடாது. கொண்டுபோன குப்பை கையோடு திரும்ப வேண்டும். முதல் கைடு யார்? பூங்கொடியேதான்.

உடனே பெயர் கொடுக்க ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன்.

"சாரி சார், பன்னிரண்டும் ஃபுல். நீங்க வெயிட்டிங் லிஸ்ட்ல ஒண்ணு."

ஊர் சொன்ன பன்னிரண்டை ஸ்டெல்லா எனக்காகக்கூடத் தாண்டவில்லை. இடம் கிடைக்காததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை!