பூட்டிய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு குரல்

போன வாரம் எங்கள் பேங்க்கில் பக்கத்து சீட்டு நண்பர் ஒரு சந்தேகம் கேட்டார்.

"தூங்கற கம்ப்யூட்டர் குறிச்ச நேரத்துக்குத் தானா எழுந்துக்கணும் சார். ஆனா பாஸ்வேர்டும் இருக்கணும். பசங்க கை வைக்கக் கூடாது. முடியுமா?"

முடியும். சொல்லிக் கொடுத்தேன்.

கன்ட்ரோல் பேனலில் போய், இந்த வேலை இத்தனை மணிக்கு என்று குறித்து வைக்க வேண்டும். 'இந்த வேலைக்காகக் கம்ப்யூட்டரை எழுப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் ஒரு டிக். பவர் செட்டிங்கில் 'எழுந்ததும் பாஸ்வேர்டு கேள்' என்று இன்னொரு கட்டம். அதிலும் ஒரு டிக். அவ்வளவுதான்! நண்பர் அசந்து போனார். "நீங்க பேங்க்ல இருக்க வேண்டிய ஆளே இல்ல சார்" என்றார்.

எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை. அந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஸ்டெல்லா.

விவேக் நகரில் எங்களுக்குக் கீழ் வீடு அவளுடையது. அப்பாவும் அவளும் மட்டும். அப்பா அந்தோணிசாமி கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் மகளிடம் வந்துவிட்டார். பாறையைக் குடையும் மெஷின் பக்கத்திலேயே காலம் கழிந்ததில் காது மந்தம். போனைக் கொடுத்தால் "ஆங்? ஆங்?" என்று இரண்டு தரம் கத்திவிட்டுப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில் கொடுத்துவிடுவார்.

ஸ்டெல்லாவுக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இங்கே ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். யாருக்கு எங்கே வலி, எத்தனை நாளாக வலி... எல்லாம் இவள் காது வழியாகத்தான் போகும். பகலெல்லாம் ஆபீஸ். மிச்சம் மீதி, சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டரில். நோயாளிகள் விவரம் ஆயிற்றே, அதனால் பாஸ்வேர்டு இல்லாமல் வைக்கவே கூடாது என்பது ஆபீஸ் கண்டிஷன்.

அப்பாவுக்கு சுகர். மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும். மனிதர் மறந்துவிடுவார். போனும் உதவாது. என்ன செய்வது?

ஸ்டெல்லா கெட்டிக்காரி. தன் குரலையே மைக்கில் பதிவு செய்தாள். ஒரு மணியானால் கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும். ஸ்பீக்கரில் முழு வால்யூமில் அவள் பேசுவாள். ஸ்க்ரீன் மட்டும் பாஸ்வேர்டு கேட்டபடி நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி தூக்கம்.

"பூட்டினது பூட்டினபடியே இருக்கும் அங்கிள். உள்ள இருந்து பேச மட்டும் பேசும்" என்று எனக்குச் செய்து காட்டினாள். முகத்தில் அத்தனை சந்தோஷம். பிளக் சுவிட்ச் மேல் மட்டும் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தாள். நம் வீட்டு அப்பாக்களைத் தெரியாதா? ஆளில்லாத அறையில் சின்ன லைட் ஒன்று எரிந்தாலும் பொறுக்காதே. சுவிட்சை அணைத்துவிட்டால் அப்புறம் எது எழுந்துகொள்வது!

லீவு நாட்களில் அந்தக் குரல் மாடியில் எனக்கும் கேட்கும்.

"அப்பா, மணி ஒண்ணாச்சு. ஹாட் பாக்ஸ்ல சாப்பாடு இருக்குது. சாப்ட்டு மாத்திரை போட்டுக்கோங்க. உடம்பு எப்பிடிப்பா இருக்குது?"

கடைசிக் கேள்விக்கு அவசியமே இல்லை. ஆனால் பெற்ற அப்பாவிடம் வெறும் உத்தரவாகப் பேசி முடிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குக் கிளம்பிய அந்தோணிசாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. நானும் ஸ்டெல்லாவும் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டியூட்டி டாக்டர் கன்னடக்காரர். "எஷ்டு தினதிந்த நோவு?" என்றார். எத்தனை நாளாக வலி என்று ஸ்டெல்லா அப்பாவின் காதருகே குனிந்து சத்தமாகக் கேட்டாள்.

"இன்னாம்மா, தெரியாத மாதிரி கேக்கற? மாரு வலிக்குதுன்னு உன்னாண்டதானே சொல்லிக்கினு இருக்கேன்."

"என்கிட்டயா? எப்பப்பா சொன்னீங்க?"

"தெனமும்தான். மத்தியானம் நீ கேக்கறப்பல்லாம்."

ஸ்டெல்லா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

புத்தி தடுமாறிப் பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மகள் அந்த மைக்கில் வாய் வைத்துப் பேசியதை அவர் பார்த்திருக்கிறார். மைக் அங்கேயே மேஜை மேல் கிடக்கிறது. தினமும் அதே இடத்திலிருந்து அவள் குரல் வருகிறது... கேள்வி கேட்கிறது. போன் மாதிரிதானே? மைக்கை எடுத்து வாயருகே வைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். நீங்களும் நானும் அவர் இடத்தில் இருந்தால் வேறென்ன செய்திருப்போம்?

"சாயங்காலம் சொல்லியிருக்கலாமேப்பா..." என்றாள். அவர் காதருகே இன்னும் குனிந்திருந்தாள்.

"நீ காதுல மாட்டிக்கினு வேலை செய்யற. சொன்னதையே எத்தினி வாட்டி சொல்றது? நீயும் சாயங்காலம் வந்து ஒண்ணும் கேக்கல. டாக்டருங்க பேசறதெல்லாம் கேக்கற புள்ள... பெரிசா ஒண்ணும் இருக்காது, அதான் புள்ள சும்மா கீதுன்னு உட்டுட்டேன்."

அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, வராந்தாவில் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "யார் யாரோட நெஞ்சு வலியெல்லாமோ டைப் அடிச்சேன் அங்கிள். காது கூசற வரைக்கும் கேட்டேன்."

'உன் மேல தப்பில்லம்மா' என்றேன். நிஜமாகவே தப்பில்லை. ஆனால் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

யோசித்துப் பார்த்தால் நாமெல்லாம் என்ன ஒழுங்கு? லிஃப்டில் பார்க்கிறோம், 'சௌக்கியமா' என்கிறோம், கண் வாட்சில் இருக்கிறது. 'நல்லா இருக்கேன்' என்பதைத் தவிர வேறு பதில் வந்துவிட்டால் நமக்குத்தான் சங்கடம். எதிராளிக்கும் அது தெரியும். அதனால் வயிற்றுவலியோடு நிற்பவரும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்.

ஸ்டெல்லா அந்த ரகம் இல்லை. அவள் மனசாரக் கேட்டாள். அவரும் மனசாரப் பதில் சொன்னார். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தோணிசாமி பிழைக்கவில்லை. போவதற்கு முந்தின சாயங்காலம் ஐ.சி.யூ.வில் பார்வையாளர் நேரத்தில் நானும் அவளோடு உள்ளே போனேன். அவர் கண் திறந்திருந்தது. எங்களை அடையாளம் தெரிந்தது. ஸ்டெல்லா அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"உடம்பு எப்பிடிப்பா இருக்குது?"

கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். நேரமாகிவிட்டது என்று நர்ஸ் சொன்னார். ஸ்டெல்லா நகரவில்லை. அப்பா அவளையே பார்த்தார். சொல்ல ஏதோ இருந்தது.

வாயில் டியூப் போட்டிருந்தார்கள்.