யாங்கோனில் ஜெர்மன் டீச்சர் தொடாத காது

போன டிசம்பரில் நான் யாங்கோன் போனது பகோடா பார்க்க இல்லை, என் சின்னம்மா மகள் செல்வி செய்த சிலையைப் பார்க்க. அங்கேயே பிறந்து வளர்ந்தவள். மூன்று வருடமாக ஒரு ஜெர்மன் டீச்சரிடம் சிற்பம் படிக்கிறாள். டீச்சரை அங்கே ‘சயாமா’ என்பார்கள். தன் ஊரில் கல் செதுக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், ஓய்வு பெற்றதும் யாங்கோனுக்கு வந்துவிட்டார். மாணவர் வேலையில் விரல்கூட வைக்க மாட்டாராம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால்தான் திருத்துவாராம்.

சிலை யாருடையது தெரியுமா? எங்கள் சித்தப்பா, செல்வியின் அப்பா! துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தோள்வரை பிளாஸ்டரில், அச்சு அசல் அவரேதான். ஆனால் மனுஷன் நம்பினால்தானே! “சயாமாதான் செஞ்சு குடுத்திருப்பாங்க தம்பி. இவளுக்கு ஏது அந்தக் கை?” என்றார். செல்வியின் முகம் சுண்டிப்போனது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் போட்டாதாங்கில் ஒரு பழைய கிடங்கில் கண்காட்சி. காலை 8.30க்கு, வீடு இருக்கும் லான்மடாவில் மூவரும் டாக்ஸி பிடித்தோம். நாலு கிலோமீட்டர், பத்தாயிரம் கியாட். சிலையை மடியில் வைத்துக்கொண்ட புண்ணியவான் நான்தான். ஸ்ட்ராண்ட் ரோட்டில் டிரைவர் சடன் பிரேக் போட, இடது காது முன்சீட்டில் இடித்துத் தூள் தூளாகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

பத்து மணிக்குத் திறப்பு. சித்தப்பா டீச்சரிடம் ஓடி, “நீங்களே சரிபண்ணிடுங்க சயாமா” என்று பர்மியில் கெஞ்சினார். டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏதோ பதில் சொன்னார்.

“‘நான் தொட்டா அது என் வேலை ஆயிடும்’னு சொல்றாங்க அண்ணே,” என்றாள் செல்வி. அழவெல்லாம் இல்லை. கிண்ணத்தில் பிளாஸ்டர் குழைத்தாள். “அப்பா, இங்க உக்காருங்க. அசையாதீங்க.”

உடைந்த இடத்தை நனைத்து அப்பினாள். இறுகியதும் சிறு கத்தியால் சீவினாள். சீக்கிரமே வந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். ஐம்பதே நிமிடம்! மூட்டை உரசி உரசி மடங்கிப்போன சித்தப்பாவின் காது அப்படியே வந்துவிட்டது. கொஞ்சம் அதிக வெள்ளை, அவ்வளவுதான். சித்தப்பா தன் காதையும் சிலையின் காதையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் புல்லரித்துவிட்டது. என் தங்கச்சியாக்கும்!

போகிறவர்களுக்கு: கசங்காத டாலர் நோட்டாக எடுத்துப் போங்கள், மடங்கியதை மாற்றிக்கொடுக்க மாட்டார்கள். ஆற்றோரம் நடப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். உடையும் சாமான் எதையும் என்னை மாதிரி ஆளிடம் கொடுக்காதீர்கள்.

சித்தப்பா மாலைவரை சிலையை விட்டு நகரவில்லை. யாராவது டீச்சரைப் பாராட்டப் போனால் குறுக்கே பாய்ந்து பர்மியில் ஏதோ சொன்னார். ஒவ்வொருவரிடமும் அதேதான். என்னவென்று செல்வியிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே அப்பாவைக் கைகாட்டினாள். சித்தப்பாவே திரும்பித் தமிழில் சொன்னார்:

“என் மக செஞ்சது. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”