விழுந்தவன் உதைத்த பெனால்டி

ஆட்டம் தொடங்கும் முன்பே டெட்லெஃப் அந்தப் பூங்கொத்தைப் பார்த்துவிட்டான். சாஸேஜ் கடைக்குப் பின்னால், காலிக் கடுகு வாளியில் தண்ணீர் ஊற்றி நிறுத்தியிருந்தார்கள். விடைபெறும் பயிற்சியாளருக்கு ஊர்க் கால்பந்து கிளப் கொடுக்கும் பூ; இப்போது பயிற்சியாளன் அவன்தான். ஆனால், "இன்னிக்கு ஜெயிச்சா நீயே இரு" என்று கிளப் தலைவன் ஃபோக்கோ போன வாரம் கைகொடுத்துச் சொல்லியிருந்தானே?

ஃபோக்கோவோடு முப்பத்து மூன்று வருடப் பகை. டெட்லெஃபுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஊர் அணியில் கோல் போடுகிறவன். மேல் பிரிவுக்கு ஏறும் ஆட்டத்தில் அவனைத் தட்டி வீழ்த்தினார்கள். பெனால்டி. விழுந்தவனே உதைக்கக் கூடாது, உதைத்தால் கோல் விழாது என்ற நம்பிக்கை அங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். உதைக்க நின்றவன் ஃபோக்கோ. அவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி டெட்லெஃப் உதைத்தான். அது கோல் கம்பத்தைத் தாண்டி, பின்னாலிருந்த மாட்டுக் கொட்டகையில் போய் விழுந்தது. ஊர் அணி மேலே ஏறவில்லை.

பிறகு வெளியூரில், இரண்டாம் பிரிவில், நான்கு வருடம் சம்பளத்துக்கு ஆடினான். முப்பத்தொரு கோல். முட்டி போனதும் சின்னச் சின்ன அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து அலைந்தான். வேறு யாரும் கூப்பிடாதபோது ஊர் அணிக்கே பயிற்சி கொடுக்க வந்தான். அந்த முப்பத்தொரு கோலைப் பற்றி ஊர் ஒருநாளும் பேசியதில்லை.

இன்றைய ஆட்டத்தில் எண்பத்தெட்டாவது நிமிடம், அணிக்கொரு கோல். டெட்லெஃபின் ஆட்டக்காரன் யானிஸை இடறிவிட்டார்கள். பெனால்டி. யானிஸே பந்தை எடுத்து அணைத்துக்கொண்டான்.

"விழுந்தவன் உதைக்கக் கூடாதுடா!" வேலியோரம் பீர் பாட்டில்கள் ஆடின. "டெட்லெஃப், நல்லாத்தான் பழக்கியிருக்க! மாடுங்களத் தலையக் குனியச் சொல்லு!"

ஃபோக்கோ ஓடி வந்தான். "உதைக்கிற ஆள மாத்துடா. இந்த ஒரு தடவையாவது."

டெட்லெஃப் மைதானத்தைப் பார்த்தான். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நீயே அடி யானிஸ்!" என்று கத்தினான்.

இடது மூலையில் கோல். யானிஸைத் தூக்கிக்கொண்டார்கள். "குருட்டு அதிர்ஷ்டம்" என்று ஒருவன் டெட்லெஃபின் காதுபடச் சொன்னான்.

ஆட்டம் முடிந்ததும் ஃபோக்கோ பூவோடு வந்தான். கடுகு வாடை. "இந்தா. சாவியக் குடு. புது ஆளுக்குப் புதன்கிழமையே சொல்லியாச்சு."

"கைகொடுத்துச் சொன்னியேடா!"

"பந்து என் கையிலதான்டா இருந்துச்சு, அன்னிக்கு."

டெட்லெஃப் பூவை வாங்கவில்லை. உடைமாற்றும் அறைச் சாவியை ஓங்கி வீசினான். அது கம்பத்தைத் தாண்டிக் கொட்டகைக்குள் விழுந்தது.

"போய்ப் பொறுக்கிக்க" என்றான்.