டில்லி ஓட்டும் ஊர் ஓட்டும்: பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு பயணம்

என் பெரிய பேரன் மதுரையில் எலும்பு டாக்டர். சின்னவன் சி.ஏ., எல்லாப் பரீட்சையும் முதல் தடவையிலேயே பாஸ். பேத்தி நித்யா ஜெர்மனியில் கார் கம்பெனி இன்ஜினியர், போன வருஷம் அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் நான். இதையெல்லாம் சொல்லாமல் ஆரம்பிக்க எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நித்யாதான் போனில் சொன்னாள். "இங்க ஐரோப்பா முழுசுக்கும் சேர்த்து ஒரு எலெக்‌ஷன் வருது பாட்டி. நாட்டு எலெக்‌ஷன்னா எங்க ஆபீஸ்ல எல்லாரும் போவாங்க. இதுக்கு நிறையப் பேர் போறதில்ல. போறவங்களும் உள்ளூர் மந்திரி மேல இருக்கிற கோவத்தை அங்க காட்டிட்டு வர்றாங்க. நான் போகலாமா வேணாமான்னு இருக்கேன்."

கேட்டதும் எனக்கு 1980-இல் ஓட்டுக்காக ஸ்ரீரங்கம் போய்வந்த இரண்டு பயணமும் ஞாபகம் வந்தன. ஒரே வருஷம், ஒரே பூத், ஒரே ஜனங்கள். ஆனால் வேறு வேறு மாதிரி நடந்துகொண்டார்கள்.

அப்போது நாங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஓட்டு மட்டும் ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீடு இருந்த அடையவளஞ்சான் தெருவிலேயே கிடந்தது. என் தம்பி சேகர் எங்களோடு தங்கி, அதே ஒர்க்‌ஷாப்பில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று காட்டூரில் பேசிவைத்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த உத்தரவு டில்லியிலிருந்துதான் வரவேண்டும். ஜனவரியில் பார்லிமென்ட் தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் ஷிப்ட் விடுகிற நேரத்தில் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்து, தினக்கூலிக்காரர்களுக்காக டில்லியில் பேசுவேன் என்றார். மாமியார் வீட்டு ஓட்டையெல்லாம் அவருக்கு வாங்கித் தரவேண்டும் என்று நான் கிளம்பினேன்.

ஜங்ஷன் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஒன்றாம் நம்பர். மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், சாதாரண நாளில் ஒரு மணி நேரம். அன்றைக்கு இரண்டு மணி நேரமாகியும் காவிரிப் பாலம் தாண்டவில்லை. வைகுண்ட ஏகாதசி இராப்பத்து உற்சவக் கூட்டம், சொர்க்கவாசல் திறந்திருந்த நாட்கள். "ஓட்டுப் போடப் போறவங்க யாருங்க?" என்றார் கண்டக்டர். நானும் வீட்டுக்காரரும் மட்டும் கை தூக்கினோம். "அப்ப நீங்க ரெண்டு பேரும் இறங்கி நடங்க. பெருமாளைப் பாக்கிறவங்க உக்காருங்க." பஸ்ஸே சிரித்தது. இறங்கி நடந்தோம். இன்றைக்கு நீங்கள் அண்ணாந்து பார்க்கிற ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரமாகத்தான் நின்றது.

வீடு பூட்டியிருந்தது. மாமியாரும் ஓரகத்தி கோமளாவும் சொர்க்கவாசல் வரிசையில் நின்றார்கள்.

"அத்தை, ஓட்டுக்கு நேரமாச்சு, வாங்க."

"டில்லிக்குத்தானே? யார் போனாலும் போயிட்டு வரட்டும். பெருமாள் காத்திருப்பாரா?"

"சேகர் கல்யாணம் இதுலதான் இருக்கு அத்தை."

கோமளா இடித்தாள். "அக்கா, டில்லிலேர்ந்து உங்க தம்பிக்குத் தாலிச் சரடும் அனுப்புவாங்களா?"

நான் தலையில் அடித்துக்கொண்டு பூத்துக்குப் போனேன். ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூடப்போகிற சமயத்தில் மாமியார் நாமத்தோடும் துளசியோடும் மூச்சிரைக்க வந்தார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"நான் சொன்னவருக்குத்தானே அத்தை?"

"இல்லடி. தெருக்குழாய்ல தண்ணி வரலைன்னு எத்தனை நாளா கத்துறேன், இங்க ஆளுறவங்க காதுல விழுந்துச்சா? அவங்களுக்கு உறைக்கட்டும்னு மாத்திக் குத்திட்டேன்."

"அதுக்கும் டில்லிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. அதனாலதான் தைரியமாக் குத்தினேன்."

நான் சொன்னவர் தோற்றுப்போனார். என் மாமியாரைப் போல ஊரில் இன்னும் எத்தனை பேரோ.

மே மாதக் கடைசியில் சட்டசபைத் தேர்தல். அதே ஒன்றாம் நம்பர், இந்தத் தடவை ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டது. பூத் வரிசை தெரு முனை வரை நின்றது. மாமியார் காலையிலேயே குளித்துவிட்டு வந்து முதல் ஆளாக நின்றாராம். அஞ்சு மாசம் முன்னால் யாரைத் தண்டித்தாரோ அவர்களுக்கே குத்திவிட்டு வந்தார்.

"குழாய்ல தண்ணி வந்துடுச்சா அத்தை?"

"எங்க வந்துச்சு? பெத்த பிள்ளையை நாலு பேர் முன்னாடி திட்டினா வீட்டை விட்டுத் துரத்திடணுமா?"

அன்றைக்கு வரிசையில் முணுமுணுத்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். "நமக்குச் சம்பளம் டில்லிலேர்ந்து வருது, இந்த வெயில்ல இது எதுக்கு?" ஜனவரியில் மாமியார் பேசின அதே பேச்சு, வேறு வாயில்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எந்த ஓட்டு பெரிசு என்று யாரும் மைல் கணக்குப் பார்ப்பதில்லை. தன் வாழ்க்கையில் எந்தக் கை படுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்த ஓட்டுக்கு ஜனங்கள் குளித்துவிட்டு வருகிறார்கள். கை தெரியாத இடத்தில் போகாமல் இருக்கிறார்கள், இல்லை கோபத்தைக் கொட்டிவிட்டு வருகிறார்கள். மாமியாரைத் தப்பு சொல்ல மாட்டேன். டில்லியின் கை அவர் தெருவில் படவில்லை, என் தம்பி மேல்தான் பட்டது.

காட்டூர்ப் பெண்ணுக்கு அந்த ஆவணியிலேயே வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. சேகருக்கு உத்தரவு வரச் சில வருஷம் ஆனது. யார் பேசி வந்தது, எந்த ஓட்டால் வந்தது, எனக்குத் தெரியாது. முன்வழுக்கையோடுதான் மாப்பிள்ளை ஆனான்.

மார்கழியில் ஸ்ரீரங்கம் போகிறவர்கள் விடிவதற்குள் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். அன்றைக்குத் தேர்தலும் இருந்தால் முதலில் பூத், அப்புறம் கோயில். வெளியூரில் குடியிருப்பவர்கள் ஓட்டைக் குடியிருக்கிற இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எங்களைப் போலப் பாலத்தில் நிற்க வேண்டாம்.

நித்யாவிடம் ஒன்றுதான் கேட்டேன். "நீ செய்யற கார் எவ்வளவு புகை விடலாம்னு சட்டம் எந்த ஊர்லம்மா எழுதுறாங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிரஸ்ஸல்ஸ்ல, பாட்டி. இந்த எலெக்‌ஷன்ல ஜெயிக்கிறவங்க போற ஊர்" என்றாள்.

"அப்ப அதுதான் உனக்கு டில்லி. போயிட்டு வா."

அங்கே விரலில் மை வைக்க மாட்டார்களாம். பரவாயில்லை கண்ணு. பூத் வாசலில் நின்று புதுசா ஒரு போட்டோ எடுத்து, கழுவி, தபாலில் அனுப்பு. போனில் வருவதை ஃபிரேம் போட முடியவில்லை. பழைய போட்டோவில் நீ ரொம்ப இளைச்சுத் தெரியறே.